சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கலாமா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று ஆசிரியர் சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தார். வந்த கடிதங்களில் பாதி பெற்றோர் எழுதியவை. மீதி, பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் எழுதியவை. ஆற்றிலும் ஆலைப் புகைபோக்கியிலும் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் வேலை பார்த்து, பிறகு திட்டங்களின் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கைகள் எழுதி, இப்போது முதுநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பவள் நான். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகள் இந்தப் படிப்புதான் வேண்டும் என்கிறாள். மரம் நடுவதற்கும் பிளாஸ்டிக் வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு பட்டம் தேவையா மேடம்? – ஒரு தந்தை

பதில்: தேவையே இல்லை. அதற்கு மண்வெட்டியும் மனசும் போதும். பட்டம் அளப்பதற்காக. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எங்கிருந்து வந்தது, யாரை என்ன செய்கிறது என்று எண்ணிக்கையோடு சொல்லக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் படிப்பு.

கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் புவிவேதியியலாளர் பூமியின் வயதைக் கண்டுபிடிக்கக் கிளம்பியவர். விண்கல்லில் இருக்கும் ஈயத்தின் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மாறுபடும் ஈய அணு வகைகளை, அளந்தால் வயது கிடைக்கும் என்பது திட்டம். ஆனால் அளக்கும்போதெல்லாம் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஈயம் வந்து கணக்கைக் கெடுத்தது. தண்ணீர், கண்ணாடிப் பாத்திரம், காற்றிலிருந்த தூசி என்று ஆய்வகம் முழுக்க ஈயம். அதனால் தூசியே நுழையாத ஓர் ஆய்வகத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பூமிக்கு வயது 455 கோடி ஆண்டுகள் என்ற முடிவை 1956ல் வெளியிட்டார். வேறொருவர் அத்தோடு நிம்மதியாக இருந்திருப்பார். இவர், 'சரி, இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது?' என்று அடுத்த கேள்விக்குப் போனார். கடலின் ஆழத்தைவிட மேற்பரப்பில் ஈயம் அதிகமாக இருந்தது. துருவப் பனியின் பழைய அடுக்குகளைவிடப் புதிய அடுக்குகளில் அதிகமாக இருந்தது. பெட்ரோலில் கலந்த ஈயம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது என்று சொன்னதற்காக அவருக்கு வந்துகொண்டிருந்த ஆய்வு நிதிகள் நின்றன. அவர் நிற்கவில்லை. 2021ல் அல்ஜீரியாவும் கைவிட்ட பிறகு, கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்கும் நாடு உலகில் ஒன்றுகூட இல்லாமல் போனது.

உங்கள் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். 'அந்த ஆய்வகத்தை எப்படிச் சுத்தமாக வைத்திருந்தார்?' என்று அவள் கேட்டால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியல், சுற்றுச்சூழல் பொறியியல் – என்ன வித்தியாசம்?

பதில்: ஆற்றில் என்ன கலந்திருக்கிறது, அது மீனையும் மனிதரையும் என்ன செய்யும் என்று சொல்பவர் முதலாமவர். அது ஆற்றுக்குப் போகாதபடி சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைப்பவர் இரண்டாமவர். கணக்கும் வரைபடமும் பிடிக்கும் என்றால் பொறியியல் எடுங்கள். பொறியியலிலிருந்து அறிவியல் பக்கம் வருவது எளிது. எதிர்த்திசையில் போவது கடினம், ஏனென்றால் பல நாடுகளில் வடிவமைப்பில் கையெழுத்துப் போடப் பொறியாளர் உரிமம் கேட்பார்கள்.

கேள்வி: எனக்கு உயிரியல் உயிர். கணக்கு என்றால் காய்ச்சல். கல்லூரியில் என்னவெல்லாம் சொல்லித்தருவார்கள்? சமாளித்துவிடலாமா? – பள்ளி இறுதியாண்டு மாணவி

பதில்: சூழலியல், வேதியியல், மண், நீரியல், வளிமண்டலம், நுண்ணுயிரியல், சட்டம், வரைபடத் தொழில்நுட்பம், புள்ளியியல். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். அதுதான் இந்தப் படிப்பின் பலம், பலவீனமும் அதுவேதான். கால்குலஸ் பெரிதாக வேண்டியிருக்காது. ஆனால் புள்ளியியலிடமிருந்து தப்பிக்க முடியாது. ஏன் என்று ஒரு சின்ன உதாரணம்.

ஒரு கிணற்று நீரில் ஆர்சனிக் என்ற நச்சு இருக்கிறதா என்று பத்து முறை பார்க்கிறீர்கள். மூன்று முறை எண் வருகிறது. ஏழு முறை 'கண்டறியும் எல்லைக்குக் கீழே', அதாவது கருவியால் பார்க்க முடிந்த மிகக் குறைந்த அளவுக்கும் கீழே, என்று ஆய்வகம் எழுதித் தருகிறது. இப்போது சராசரி என்ன? அந்த ஏழுக்கும் பூஜ்யம் போட்டால் கிணறு நல்ல கிணறாகிவிடும். எல்லை மதிப்பையே போட்டால் கெட்ட கிணறாகிவிடும். எல்லையில் பாதியைப் போடுவது வழக்கம், ஆனால் அதுவும் வசதிக்கான ஏற்பாடுதான். குடிநீரில் ஆர்சனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் கருவியின் எல்லையே 10 என்றால், 'கண்டறியப்படவில்லை' என்ற வரிக்கு என்ன பொருள் மிஞ்சும்? இதை யோசிக்கத் தெரிந்த பட்டதாரியை எந்த நிறுவனமும் விடாது. இதில் இருக்கும் கணக்கு கூட்டலும் வகுத்தலும்தான். காய்ச்சல் வராது.

ஆய்வகப் பாடம் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். கழிவுநீருக்குச் செய்யும் முதல் சோதனைகளில் ஒன்று பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை. பாட்டிலில் நீரை நிரப்பி, கரைந்துள்ள ஆக்ஸிஜனை அளந்து, காற்றுப் புகாமல் மூடி, இருட்டில் 20 டிகிரி செல்சியஸில் 5 நாள் வைக்க வேண்டும். பிறகு மறுபடி அளக்க வேண்டும். நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்ஸிஜனைத் தின்றனவோ, அவ்வளவு அழுகும் பொருள் நீரில் இருக்கிறது என்று பொருள். வெள்ளிக்கிழமை தொடங்கினால் புதன்கிழமை முடிவு. திங்கட்கிழமை தொடங்கினால் சனிக்கிழமை போய் நிற்க வேண்டும். இந்தத் துறையில் பழையவர் யார், புதியவர் யார் என்பதை எந்தக் கிழமையில் பி.ஓ.டி. வைக்கிறார் என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கேள்வி: இளநிலையிலேயே சுற்றுச்சூழல் அறிவியல் சேர்வதா, வேதியியல் படித்துவிட்டு முதுநிலையில் மாறுவதா? – இரண்டுக்கும் இடம் கிடைத்து முழிக்கும் மாணவன்

பதில்: என் சாய்வு வேதியியல் பக்கம். விலங்கியல், தாவரவியல், புவியியல், இயற்பியல் என்றாலும் சரி, ஏதாவது ஒன்றில் முதலில் ஆழமாக இறங்கிவிட்டு வருபவர்கள் முதுநிலை வகுப்பில் தனியாகத் தெரிகிறார்கள். ஆனால் இது கல்லெழுத்து இல்லை. இளநிலைப் பட்டம் எந்தக் கல்லூரியில் என்பதைப் பொறுத்து மாறும். சேருவதற்கு முன் நேரில் போய், இப்போது அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் பேசுங்கள். 'நீயே கையால் இயக்கிய கருவி எது?' என்று கேளுங்கள். 'கடைசியாக எப்போது களத்துக்குப் போனீர்கள், போய் என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். பேருந்தில் போய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சுற்றிப் பார்த்தோம் என்றால் அது சுற்றுலா.

ஓர் இடத்துக்கு விருந்தினராகப் போனபோது அருமையான வாயு நிறப்பகுப்பி (கலவையில் என்னென்ன சேர்மங்கள் என்று பிரித்துக் காட்டும் கருவி) ஒன்றைக் காட்டினார்கள். மேலே உறை போட்டு, உறைக்கு மேலே பூ வைத்திருந்தார்கள். அறைச் சாவி துறைத்தலைவரிடம். மாணவர்கள் ஆயுத பூஜைக்கு மட்டும் பார்ப்பார்களோ என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டேன். உறை போட்ட கருவியைவிட, கறை படிந்த பழைய கருவி இருக்கும் கல்லூரி எவ்வளவோ மேல்.

கேள்வி: படித்து முடித்தால் என்னதான் வேலை? 'நிறைய வாய்ப்பு இருக்கிறது' என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒருவரும் என்ன என்று சொல்வதில்லை.

பதில்: நியாயமான எரிச்சல். விளம்பரங்களில் 'சுற்றுச்சூழல் விஞ்ஞானி தேவை' என்று அபூர்வமாகத்தான் வரும். வேலைக்கு வேறு பெயர் இருக்கும். எந்தச் சட்டம் எதை அளக்கச் சொல்கிறதோ, அங்கே வேலை இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கூட்டம் ஆலோசனை நிறுவனங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் 1970ன் முதல் நாள் கையெழுத்தான சட்டம் ஒன்று, பெரிய அரசுத் திட்டங்களுக்கு முன்கூட்டியே பாதிப்பை மதிப்பிட வேண்டும் என்றது. அந்த வழக்கம் உலகெங்கும் பரவி, அணை, சுரங்கம், துறைமுகம், நெடுஞ்சாலை என்று எதைத் தொட்டாலும் அறிக்கை கேட்கும் நிலை வந்தது. அதற்கு அடிப்படைத் தரவு வேண்டும். காற்று, நீர், மண், ஒலி, பறவை, தவளை எல்லாம். தவளைக்காரர் இரவில் வேலை பார்ப்பார். பறவைக்காரர் விடிவதற்கு முன் எழுந்திருப்பார். இருவரும் ஒரே அறையில் தங்கினால் தூக்கம் யாருக்கும் கிடையாது.

அடுத்தது மாதிரி எடுப்பதும் ஆய்வகமும். புகைபோக்கியில் தூசி அளப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கருவிகளோடு ஏணி ஏறி, பாதி உயரத்தில் இருக்கும் மேடையில் நின்று, புகைக்குள் ஒரு குழாயை நீட்டி உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் வேகமும் புகை ஓடும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். மெதுவாக உறிஞ்சினால் புகை விலகிப் போகும், ஆனால் கனமான தூசி வந்த வேகத்திலேயே குழாய்க்குள் விழும். அளவு பொய்யாகக் கூடிவிடும். வேகமாக உறிஞ்சினால் பொய்யாகக் குறையும். இதைப் புத்தகத்தில் ஒரு சமன்பாடாகப் படிப்பீர்கள். மேடையில் காற்றில் ஆடிக்கொண்டு செய்யும்போது அது வேறு பாடம்.

அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள், குடிநீர் வழங்கும் நிறுவனங்கள், தொழிற்சாலைகளின் பாதுகாப்பு மற்றும் சூழல் பிரிவு, மாசுபட்ட நிலங்களை மீட்பது, செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலம் பார்ப்பது, வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இடர் சொல்வது, ஆராய்ச்சி, கற்பித்தல், தொண்டு நிறுவனங்கள். தொண்டு நிறுவனத்தில்தான் சேர வேண்டும் என்ற கனவோடு பாதி மாணவர்கள் வருகிறார்கள். அங்கே இடம் குறைவு. முதலில் வேறெங்காவது ஒரு திறமையைக் கையில் ஏற்றிக்கொண்டு போனால் அவர்களுக்கும் உதவி.

கேள்வி: சம்பளம்?

பதில்: தொடக்கத்தில் மென்பொருள்காரர்கள் அளவுக்கு வராது. அரசுப் பணியில் நிதானம் உண்டு. ஆலோசனை நிறுவனத்தில் ஏற்றம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

கேள்வி: ஆலைக்காரர் காசு கொடுத்துத்தான் அறிக்கை எழுதுகிறார்கள். அப்படியென்றால் மாசுபடுத்துகிறவர்களுக்குச் சம்பளத்துக்கு வேலை பார்க்கத்தானே இந்தப் படிப்பு? – கோபமான ஒரு கல்லூரி மாணவர்

பதில்: கோபம் நல்லதுதான் தம்பி. பெரும்பாலான நாடுகளில் திட்டக்காரரே ஆலோசகரை அமர்த்துகிறார், அவரே பணம் தருகிறார். அந்த ஏற்பாடு கோணல் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் உள்ளே எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

'இந்த எண்ணை மாற்று' என்று யாரும் நேராகச் சொல்வது அபூர்வம். 'இன்றைக்கே எடுக்கணுமா, மழை வரட்டுமே' என்பார்கள். மழை நீரில் எல்லாம் கரைந்து குறையும். 'கொஞ்சம் கீழே தள்ளி எடுக்கலாமே, இங்கே சேறாக இருக்கிறதே' என்பார்கள். கீழே தள்ளிப்போனால் இன்னோர் ஓடை வந்து கலந்திருக்கும். மாதிரி எடுக்கும் நாளும் இடமும் மாறினால் போதும், ஆய்வகத்தில் ஒருவரும் பொய் சொல்லாமலே அறிக்கை பொய்யாகிவிடும். ஒரு தடவை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கழிவுநீர்க் குழாய் வறண்டு கிடந்தது. 'பராமரிப்பு' என்றார்கள். வாக்குவாதம் செய்யவில்லை. எடுத்த நேரம், வெளியேற்றம் நின்றிருந்தது, ஆலை இயங்கவில்லை என்று பதிவேட்டிலும் அறிக்கையின் முதல் அட்டவணையிலும் எழுதினோம். அந்த மூன்று வரிகளை எடுத்துவிடச் சொல்லி வந்த அழைப்புகளுக்கு மட்டும் 'முடியாது' என்றேன். கடைசியில் மறு ஆய்வுக்கு ஒத்துக்கொண்டார்கள். அடுத்து எங்களுக்கு அங்கிருந்து வேலை வரவில்லை. அதுவும் நடக்கும்.

ஜப்பானின் மினமாட்டாவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். சிஸ்ஸோ ஆலையின் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மனிதரின் நரம்புகளைத் தாக்கிய ஊர். 1956ல் அந்த நோயை முதலில் அதிகாரிகளுக்குத் தெரிவித்த மருத்துவமனை எது தெரியுமா? அந்த ஆலையின் சொந்த மருத்துவமனை. அதன் இயக்குநர் ஹஜிமே ஹொசோகாவா, 1959ல் ஆலைக் கழிவை உணவில் கலந்து பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400ஆம் எண் பூனைக்கு அதே நோய் வந்தது. ஆலை நிர்வாகம் சோதனையை நிறுத்தச் சொன்னது, முடிவை வெளியே விடவில்லை. கழிவு 1968 வரை ஓடியது. 1970ல் நோய்ப் படுக்கையிலிருந்து ஹொசோகாவா நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னார். வெளியிலிருந்து போராடிய நோயாளிகளின் குடும்பங்கள் இல்லாமல் அந்த வழக்கே இல்லை. ஆனால் ஆலைக்குத் தெரிந்தேதான் நடந்தது என்பதைச் சொல்ல உள்ளே இருந்த ஒருவர் தேவைப்பட்டார். அவர் பதினோரு வருடம் பேசாமல் இருந்ததையும் சேர்த்துத்தான் நான் வகுப்பில் சொல்வேன். மாணவர்கள் அவரை மன்னிப்பதா வேண்டாமா என்று சண்டை போடுவார்கள். நான் குறுக்கே போவதில்லை.

உங்களுக்கு ஆலைப் பக்கமே வேண்டாம் என்றால் எதிர்ப்பக்கத்திலும் அளப்பவர் தேவை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய குழு ஒன்று, கையில் எடுத்துப் போகும் கருவிகளை டீசல் கார்களில் பொருத்தி, சாலையில் ஓட்டி நைட்ரஜன் ஆக்ஸைடு அளந்தது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்ற பொறியாளரும் இருந்தார். ஒரு ஃபோக்ஸ்வேகன் காரில் வரம்பைவிட 15 முதல் 35 மடங்கு வந்தது. சோதனைக்கூடத்தில் மட்டும் அடக்கமாக நடந்துகொள்ளும்படி காரின் மென்பொருளை எழுதியிருந்தார்கள் என்பது 2015ல் வெளியானது. அந்தக் குழு செய்தது உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும் வேலைதான்.

கேள்வி: கணினி தெரிந்தால் நல்லது என்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்: ஜி.ஐ.எஸ். எனப்படும் புவித் தகவல் மென்பொருள் ஒன்று (க்யூஜிஐஎஸ் மாதிரி), ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல் மொழிகளில் ஒன்று. க்யூஜிஐஎஸ், ஆர், பைத்தான் மூன்றுமே இலவசம். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் பிடித்து வருகின்றன. 2008க்குப் பிறகு அந்தப் படங்களையும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். மத்திய ஆசியாவின் ஆரல் கடலின் பழைய படத்தையும் புதிய படத்தையும் இறக்கி, தண்ணீர்ப் பரப்பு எவ்வளவு சுருங்கியது என்று நீங்களே கணக்கிடுங்கள். ஆறுகளைப் பருத்தி வயலுக்குத் திருப்பினால் ஒரு கடல் எப்படி வற்றும் என்பதும் தெரியும், நேர்முகத் தேர்வில் காட்ட ஒரு வேலையும் கையில் இருக்கும். சான்றிதழைவிட அந்த வரைபடம் பேசும்.

கேள்வி: கார்பன் கணக்கெடுப்பு என்று குறுகிய காலப் படிப்புகள் நிறைய வருகின்றன. அது போதாதா?

பதில்: ஒரு நிறுவனம் தானே எரிக்கும் எரிபொருள், வாங்கும் மின்சாரம், சரக்கு தருபவர்களும் வாங்குபவர்களும் வெளியிடுவது என்று மூன்று வட்டமாகப் பிரித்துக் கணக்கெடுக்கும் வேலை இது. முதல் இரண்டையும் ரசீதுகளை வைத்துப் போட்டுவிடலாம். மூன்றாவதில்தான் ஊகமும் தில்லுமுல்லும் அதிகம். அதைப் பிடிக்க, பொருள் எப்படித் தயாராகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டத்துக்கு மேல் சேர்த்துப் படியுங்கள். பட்டத்துக்குப் பதிலாக வேண்டாம். விதி மாறினால் இந்த வேலையும் மாறும்.

கேள்வி: கடைசி ஆண்டு படிக்கிறேன். தினமும் அழிவைப் பற்றியே படித்துப் படித்து எதிலும் நம்பிக்கை இல்லாமல் போகிறது. உங்களுக்கு அப்படி இல்லையா?

பதில்: உண்டு. பவளப்பாறைகள் பற்றிய கட்டுரைகளை இரவில் படிப்பதை நிறுத்தியிருக்கிறேன். உன் பாடத்திட்டத்தில் ஓசோன் அத்தியாயம் இருக்கும், அதை மறுபடி எடுத்துப் படி. குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனைத் தின்னும் என்று மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1974ல் சொன்னபோது அது தாளில் போட்ட கணக்கு. 1985ல் அண்டார்டிகா மேலே ஓட்டையை அளந்தே காட்டினார்கள். 1987ல் அந்த வேதிப்பொருள்களைக் குறைக்க நாடுகள் கையெழுத்திட்ட மான்ட்ரியல் ஒப்பந்தம். இன்றைய கொள்கைகள் தொடர்ந்தால் அண்டார்டிகா மேலே 2066 வாக்கில் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா. ஆதரவில் வந்த மதிப்பீடு. பருவநிலை இதைவிடச் சிக்கலான விஷயம், இரண்டையும் ஒன்றாக்கி உன்னை ஏமாற்றமாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதானே. மனம் மிகவும் கனத்தால் ஒரு மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசு, தள்ளிப்போடாதே.

கேள்வி: பெண்களுக்குக் களப்பணி சரிப்படுமா? அப்பா தயங்குகிறார்.

பதில்: அப்பாவிடம் என் கதையைச் சொல்லுங்கள். சரிப்பட்டிருக்கிறது. ஆனால் அவருடைய தயக்கத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். வேலையில் சேரும்போது நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை இவை: நீர்நிலைக்கு ஒருவரைத் தனியாக அனுப்புவார்களா? நாள் முழுக்கக் களத்தில் இருந்தால் கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு? பெண்ணின் அளவுக்குப் பாதுகாப்புக் காலணியும், உயரத்தில் ஏறும்போது விழாமல் உடலில் கட்டும் வாரும் வைத்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு முழித்தால், அங்கே இதுவரை ஒரு பெண்ணும் ஏணி ஏறவில்லை என்று பொருள். இதெல்லாம் ஆண்களுக்கும் வேண்டியதுதான், அவர்கள் கேட்பதில்லை.

கேள்வி: எல்லாம் சரி மேடம், எனக்குச் சாக்கடை நாற்றம் தாங்காது. வேறு படிப்பு பார்க்கவா?

பதில்: பழகிவிடும். பழகுவதுதான் ஆபத்து என்பதால் இதைச் சிரித்துவிட்டு விட முடியவில்லை. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போக வைத்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று மூடிய தொட்டிக்குள் இறங்கியவர்கள் திரும்பி வராமல் போயிருக்கிறார்கள். அவர்களைத் தூக்கப் போனவர்களும்தான். அதனால் முதல் நாளே வாயு எச்சரிக்கைக் கருவியைச் சட்டையில் மாட்டச் சொல்வோம். அது அலறினால், பாட்டில் பாதி நிறைந்திருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் விண்ணப்பத்தை நிரப்புங்கள்.